கடலில் சொல்லக் கூடாத சொல்

தால்விக்,
31 மே 1999

தோர்ஃபி அண்ணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நாலு வருடமாக உன் வாய்க்குப் பூட்டு. தொலைபேசியில் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. தபால் கொண்டுவரும் ஹல்லா, நீ பிரிக்கிறாயா என்று பார்த்துவிட்டுத்தான் வாசலை விட்டு நகருவாள். அவளை நம்பித்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். லோவாவை ஓட்ட ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் ஆர்மான் இறந்த பிறகு இரண்டு கோடையாகப் படகை ஓட்டிய பெர்கூர், இறால் கப்பலில் சம்பளம் கூட என்று போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், மூன்றாவது குழந்தை பிறக்கப் போகிறது. கேப்டன் உரிமம் வைத்திருக்கிற மற்றவர்கள் எல்லோரும் கடலில் இருக்கிறார்கள். கரையில் மிச்சம் இருப்பவர்கள் ஒன்று குடிக்கிறார்கள், இல்லை படுக்கையில் கிடக்கிறார்கள்.

போன வாரம் ஊராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். என் சமையலறையில் உட்கார்ந்து என் காபியைக் குடித்துவிட்டு, "ரெண்டாயிரம் பொறக்கப் போகுது வால்தீஸ். வருஷப் பொறப்பு ராத்திரி கொளுத்த ஒரு பெரிய மரப் படகு வேணும். லோவா சும்மாதானே கெடக்கு?" என்றார்கள். உனக்கும் ஆர்மானுக்கும் முப்பது வருடம் சோறு போட்ட படகை அவர்கள் விறகுக் கணக்கில் பார்த்தார்கள். ஜூன் 29ஆம் தேதி கையெழுத்து வாங்க வருவார்கள். அதற்குள் ஒரு கேப்டன் கிடைத்தால் படகு பிழைக்கும். கிடைக்காவிட்டால் கொடுத்துவிடுவேன். துறைமுகத்தில் சும்மா நின்று அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

உன்னிடம் உரிமம் இருக்கிறது. அந்த இயந்திரம் எப்போது இருமும், எப்போது அடம்பிடிக்கும் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் கோபம் எனக்குத் தெரியாமல் இல்லை. மீன்பிடிப்பு நின்றபோது நீ படகை மரியாதையாகக் கொளுத்திவிடச் சொன்னாய். நானும் ஆர்மானும் அதில் பெஞ்சு போட்டு, திமிங்கலம் பார்க்க ஆட்களை ஏற்றினோம். அன்று கிரிம்சே தீவுக்குப் போனவன், ஆர்மானின் அடக்கத்துக்குத்தான் திரும்பி வந்தாய். கடைசி வரிசையில் நின்றுவிட்டு, காபி குடிக்காமலே போய்விட்டாய். அடக்கத்துக்கு வந்தவர் காபி குடிக்காமல் போனால் அந்த வீட்டு உறவே வேண்டாம் என்று அர்த்தம், தெரியாதவனா நீ? இதை எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

களைப்பாக இருக்கிறது அண்ணா. வேறொன்றும் இல்லை.

வால்தீஸ்


கிரிம்சே,
3 ஜூன்

வால்தீஸ்,

கடிதம் வந்தது. ஹல்லா வாசலில் நின்றாள். பிரித்தேன், போய்விட்டாள்.

வர மாட்டேன்.

அதைக் காட்டுவதற்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது என் வேலை இல்லை. எதை என்று உனக்கே தெரியும். மீன் பிடிக்கப் போகும்போது அது எதிரில் வந்தால் விலகிப் போவோம். தேடிக்கொண்டு போனதில்லை. காசு வாங்கிக்கொண்டு தேடிப் போகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

படகைக் கொடுத்துவிடு. ஓக் மரம் நன்றாக எரியும். ஆட்கள் வாந்தி எடுக்கிற இடமாக இருப்பதற்கு அதுவே மேல். அவ்வளவு ஆசை இருந்தால் நீயே உரிமம் வாங்கி ஓட்டிக்கொள்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. காலையில் வலது தோள் எழுந்திருக்க மறுக்கிறது. ஆலாப் பறவைகள் முட்டையிட வந்துவிட்டன. தலைக்கு மேலே ஒரு குச்சியைப் பிடித்துக்கொள்ளாமல் வாசல் தாண்ட முடியவில்லை. நேற்று ஹல்லாவின் தொப்பியைக் கொத்திவிட்டன.

செங்குத்துப் பாறையில் கடற்பறவைக் கூடுகளிலிருந்து எடுத்த முட்டைகள் அனுப்பியிருக்கிறேன். நான் இறங்கவில்லை, கயிறுதான் பிடித்தேன். மேல் வரிசையில் நாலைந்தில் விரிசல் இருக்கிறது. முதலில் அவற்றைச் சாப்பிடு.

தோர்ஃபி


தால்விக்,
7 ஜூன்

அண்ணா,

முட்டை கிடைத்தது. நன்றி. நன்றி சொல்லி முடித்தாயிற்று, இனி மற்றதைக் கேள்.

நானே உரிமம் வாங்க வேண்டுமா? அதற்கு எவ்வளவு காலம் கடலில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? என்னை யார் படகில் ஏற்றினார்கள்? பன்னிரண்டு வயதில் இறக்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் கால் வைத்த முதல் படகு லோவா. அப்போது எனக்கு ஐம்பது வயது. ஆர்மான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஏறியதும் கைப்பிடிக் கம்பியை நான் விடவே இல்லை.

நேற்று மாலுமிகள் தினம். வழக்கம்போல பாதிரியார் கடலில் போனவர்களின் பெயர்களை வாசித்தார். உனக்குத் தம்பி, எனக்கு அண்ணன், நம் காரியின் பெயரும் வந்தது. நான் ஒவ்வொரு வருடமும் சொல்லிச் சேர்க்க வைக்கிறேன். மலர் வளையத்தைத் தண்ணீரில் விடும்போது என் பக்கத்தில் யாரும் இல்லை. அந்தப் பெயர் கேட்டால் என் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும் போலிருக்கிறது. நாற்பத்திரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னுமா?

நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பேசாததை நானே எழுதுகிறேன். திமிங்கலத்தின் பெயரைக் கடலில் இருக்கும்போது சொல்லக் கூடாது, சொன்னால் வந்து படகைக் கவிழ்க்கும், 'பெரிய மீன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அன்றைக்குப் படகில் அப்பா, காரி, நான், மூன்றே பேர். நீ ஹெர்ரிங் மீனுக்கு உப்புப் போடும் வேலைக்கு மேற்கே போயிருந்தாய். நான் அந்தப் பெயரைக் கத்திச் சொன்னேன். அன்றைக்கே காரி போனான். நீ திரும்பி வந்தபோது அப்பா உன்னிடம் சொன்னது ஒரே வரி. "பொண்ணு வாயத் தொறந்துட்டா." கதவுக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன். அதற்கு மேல் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, தீவு முழுக்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

நீ திமிங்கலம் பார்க்கும் தொழிலை வெறுக்கவில்லை அண்ணா. கடலில் நின்று நான் அந்தச் சொல்லைச் சொல்வதைத்தான் வெறுக்கிறாய். அதை ஒத்துக்கொண்டால் எனக்குப் பாதிக் களைப்பு போய்விடும்.

சண்டைக்காக மட்டும் எழுதவில்லை. 17ஆம் தேதி தேசிய தினத்துக்கு நாற்பது பேர் பதிவு செய்திருக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் ஒரு பேருந்து, அக்குரேரியிலிருந்து மற்றவர்கள். அந்த ஒரு பயணம் போய்வந்தால் பிறகு ஜூலைக்கும் ஆட்கள் வருவார்கள். போகாவிட்டால் கோடையே போயிற்று. ஒரே ஒரு நாள் வா. அதற்குப் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்பது வருடம் இருந்துகொள்.

வால்தீஸ்


கிரிம்சே,
10 ஜூன்

வால்தீஸ்,

ஒரு நாள். 16ஆம் தேதி மாலைக் கப்பலில் வருகிறேன். படகிலேயே படுத்துக்கொள்வேன், உன் வீட்டில் படுக்கை போட வேண்டாம்.

ஒலிபெருக்கியில் பேச மாட்டேன். அதன் வால் படம் போட்ட உங்கள் படகுத் தொப்பியைப் போட மாட்டேன். அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன். கண்ணில் பட்டால் என் வழியில் சொல்வேன். அதற்குமேல் ஆட்கள் உன் பொறுப்பு.

உன் கடிதத்தில் மற்ற விஷயங்களும் இருந்தன. படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் எடுத்து நாலையும் அடுப்பில் போட்டேன்.

குளிர்காலம் முழுக்க நின்ற இயந்திரத்தை நான் வருவதற்கு முன்னால் யாரும் தொடக் கூடாது.

தோர்ஃபி


தால்விக்,
18 ஜூன்

அண்ணா,

நீ கப்பல் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேற்று என்ன நடந்தது என்று உனக்கு விளங்கியதா? நீ சுக்கான் அறையில் இருந்தாய். என் இடத்திலிருந்து சொல்கிறேன். நாற்பது பேருக்கும் கனத்த குளிர் அங்கியை மாட்டிவிட்டு, பொத்தான் போடத் தெரியாதவர்களுக்குப் போட்டுவிட்டு, கோகோவும் முறுக்கிப் பொரித்த ரொட்டியும் கொடுத்து, ஹ்ரீசே தீவைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே நின்றேன். படகின் மூக்கு பன்னிரண்டு மணி, பின்பக்கம் ஆறு மணி, நான் மணி சொன்னால் அந்தத் திசையில் பாருங்கள் என்று மூன்று மொழியில் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. காற்று ஏறியது. நாலு பேர் வாளியைக் கட்டிப்பிடித்தார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான்தான் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல.

அப்போது நீதான் முதலில் பார்த்தாய். ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கண் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் என்ன செய்தாய்? ஜன்னலில் தலையை நீட்டி, அடுத்த வீட்டுக்காரனிடம் ரகசியம் சொல்வதுபோல, "வலது பக்கம் பெரிய மீனு" என்றாய்.

அக்குரேரி டீச்சரம்மா ஒருத்தி மட்டும்தான் அதைக் கேட்டாள். "மீனா? மீனு எங்க வீட்டு ஃபிரிட்ஜுலயே இருக்கேப்பா" என்று சொல்லி மறுபடியும் ரொட்டியைக் கடித்தாள். ஜெர்மன்காரர் ஒருவர் குனிந்து படகுக்கு அடியில் தேடினார். நான் இடது பக்கம் ஒரு பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பெரிய உடம்பு எழுந்து, மூச்சை விட்டு, வாலைத் தூக்கி, போயே போய்விட்டது. பார்த்தது வாளியோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் மட்டும். அவரும் பாதிதான் பார்த்தார்.

அது மறுபடியும் வந்தது. அந்த அளவுக்கு நமக்கு யோகம் இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது. "திமிங்கலம்! மூணு மணி!" என்று கத்தினேன். நாற்பது பேரும் எழுந்து வலது பக்கம் ஓடினார்கள். நீ சுக்கானைத் திருப்பினாய்! அவர்கள் கேமராவைத் தூக்குவதற்குள் படகு கரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. முழு வேகத்தில். என் நாலு வருடத்தில் திமிங்கலத்துக்கு முதுகைக் காட்டி ஓடின முதல் படகு நம்முடையதுதான்.

துறைமுகத்தில் "ஏன் திருப்புனே?" என்று கேட்டேன். கயிற்றைக் கட்டிக்கொண்டே, "எல்லாரும் உசுரோட எறங்கிட்டாங்கல்ல?" என்றாய். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இன்று காலை பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு கப்பல் துறைக்கு வந்தேன். நீ என்னைக் கடந்து ஏறிப் போனாய். இது இரண்டாவது தடவை. காபியைக் கடலில் ஊற்றிவிட்டு வந்தேன்.

நான் ஏன் இந்தத் தொழிலை விடவில்லை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, ஆர்மானும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். ஒவ்வொரு பயணத்திலும் நான் கடலில் நின்று, தொண்டை கிழிய அந்தச் சொல்லைச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் காய்ந்த காலோடு இறங்கிப் போகிறார்கள். இறங்குகிற ஒவ்வொருவரையும் நான் பார்ப்பேன். கடைசி ஆள் கரையில் கால் வைத்த பிறகு என் நெஞ்சில் ஏதோ ஒன்று கொஞ்சம் லேசாகும். அடுத்த நாள் காலையில் அது பழைய கனத்துக்கு வந்துவிடும். மறுபடியும் போவேன், மறுபடியும் கத்துவேன். நாலு கோடையாக இதுதான் செய்துகொண்டிருக்கிறேன். எனக்குத் திமிங்கலம் பிடிக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள்.

நேற்று நீ திருப்பியபோது அதெல்லாம் வீண் என்று தோன்றியது. 29ஆம் தேதி கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எரியட்டும்.

வால்தீஸ்


கிரிம்சே,
22 ஜூன்

வால்தீஸ்,

நான் வேண்டுமென்று திருப்பவில்லை. கை திருப்பியது. உன் குரல் கேட்டதும் கை வேலையைச் செய்துவிட்டது. பிறகுதான் நான் பார்த்தேன். அந்த நாற்பது பேரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். மிதவைச் சட்டையைப் பாதிப் பேர் சரியாகக் கட்டவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. கரை வந்து சேரும்வரை மூச்சு விட்டேனா என்று தெரியாது.

அந்த டீச்சரம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். கேட்க முடிந்தால்.

காபி விஷயம். ஆர்மான் அடக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தால் அழுதிருப்பேன். முப்பது வருடம் அவனும் நானும் ஒரே மேசையில் தின்றோம். அழுதால் பேசியிருப்பேன். பேசினால் காரியைப் பற்றி வந்திருக்கும். அதனால் போய்விட்டேன். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். உன்னை அவமானப்படுத்த நினைக்கவில்லை. ஆனால் அப்படித்தான் ஆகிவிட்டது என்று தெரிகிறது.

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. வெயில் ராத்திரியும் மறைவதில்லை என்பதால் அது வெளியே தெரியவில்லை. ஹல்லா மட்டும் கேட்டாள். "ஏன் தோர்ஃபி, மூஞ்சி ஒணங்குன மீனாட்டம் இருக்கு?" என்றாள். வயது என்றேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு என்ன நடந்தது? அப்பா சொன்னது எனக்கு மனப்பாடம். ஒரு வரிதான். நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. நானாக உன்னிடம் விசாரித்ததும் இல்லை. இப்போது கேட்கிறேன். எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம்.

கையெழுத்து 29ஆம் தேதிதானே. அதற்கு முன்னால் இல்லையே.

தோர்ஃபி


தால்விக்,
24 ஜூன்

அண்ணா,

உன் கடிதத்தை நேற்று ராத்திரி மூன்று தடவை படித்தேன். இந்தக் கேள்விக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று இப்போதுதான் எனக்கே தெரிந்தது. வந்தவுடன் பதில் எழுதத் தெம்பில்லை. காலையில் எழுதுகிறேன்.

அன்றைக்குக் கடல் சமையலறைத் தரை போலக் கிடந்தது. தீவுக்கு வடக்கே, பாறை முனையைத் தாண்டித் தூண்டில் கயிறு போட்டிருந்தோம். அது படகுக்குப் பக்கத்திலேயே எழுந்தது. என் கைக்கு எட்டும் தூரம். அதன் கண்ணைப் பார்த்தேன். எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷத்தில் எழுந்து நின்று, "அய்யோ, திமிங்கலம்!" என்று கத்தினேன். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. என்னை அடிக்கக் கையை ஓங்கினார்.

அப்போது காரியும் சொன்னான்.

ஆமாம், காரியும். அவன் எப்படி என்று உனக்குத் தெரியுமே. நான் தனியாகத் திட்டு வாங்குவது அவனுக்குப் பொறுக்காது. எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, அதற்கு வணக்கம் வைத்து, "திமிங்கலம், திமிங்கலம், திமிங்கலம்! இப்போ ரெண்டு பேரையும் அடிங்கப்பா!" என்றான். அப்பாவின் கை இறங்கியது. சிரிக்கவில்லை, ஆனால் இறங்கியது. அது மூழ்கிப் போய்விட்டது. நாங்கள் ரொட்டி சாப்பிட்டோம்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் காற்று வந்தது. வடக்கிலிருந்து, முன்னறிவிப்பே இல்லாமல். தூண்டில் கயிறு பாறையில் சிக்கியிருந்தது. அறுத்துவிடு என்று அப்பா சொன்னார். பாதி மீன் அதில்தான் இருக்கிறது, இதோ எடுத்துவிடுகிறேன் என்று காரி விளிம்பில் நின்று இழுத்தான். ஒரு அலை. அவ்வளவுதான். அடுத்த அலை வடியும்போது அங்கே அவன் இல்லை. திமிங்கலத்தை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை.

காரி சொன்னதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. போன பிள்ளையின் தலையில் பழியைப் போட அவருக்கு மனசு வரவில்லை. என் தலையில் போட வந்தது. அதை நான் அப்போதே புரிந்துகொண்டேன். நானும் வாயைத் திறக்கவில்லை. காரி என்னோடு திட்டைப் பங்குபோட எழுந்து நின்றான். அதற்குப் பதிலாக நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று நினைத்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணா. இவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரியாது.

நீ எல்லாவற்றையும் மறக்க வேண்டும் என்று எழுதவில்லை. கேட்டாய், சொன்னேன். கையெழுத்து செவ்வாய்க்கிழமை. ஊராட்சிக்காரர்கள் கேக் கொண்டுவருகிறார்களாம், எரிக்கப் போகும் படகுக்குக் கேக்.

வால்தீஸ்


கிரிம்சே,
27 ஜூன், ஞாயிறு

வால்தீஸ்,

இந்தக் கடிதமும் நானும் ஒரே கப்பலில் வருகிறோம். கடிதத்தைக் கப்பல்காரர் கிரெட்டிரிடம் கொடுத்திருக்கிறேன். ஹல்லா தொலைபேசியில் உன்னைத் துறைக்கு வரச் சொல்லியிருப்பாள், அங்கே முதலில் உன் கையில் இது வரும். நீ படித்து முடிக்கும்வரை நான் இறங்க மாட்டேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பதால் இப்படிச் செய்கிறேன். சிரிக்காதே.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்று முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நேற்றுக் காலை சின்னப் படகை இறக்கினேன். ஹல்லா தலைக்கு மேலே குச்சியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "வடக்கே தனியா எங்க போற? தோளு வலிக்குதுன்னு நேத்துதானே பொலம்புன?" என்றாள். வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று கேட்டாள். இயந்திரத்தைக் கிளப்பினேன்.

பாறை முனையைத் தாண்டி இயந்திரத்தை அணைத்தேன். யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஏதாவது ஆனால் என்னோடு போகட்டும் என்றுதான். இந்த வயதில் அது எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் பயந்தேன். உண்மையைத்தானே எழுத வேண்டும். உலர்ந்த மீனை வெண்ணெய் தடவித் தின்றேன். மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டினேன். மறுபடியும் தின்றேன். சொல்ல வரவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அப்புறம் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, காரி சொன்ன மாதிரி மூன்று தடவை கத்தினேன். திமிங்கலம். திமிங்கலம். திமிங்கலம்.

ஒன்றும் ஆகவில்லை, வால்தீஸ். ஒரு காற்றுகூட வரவில்லை. பாறையில் பறவைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கூப்பிட்டும்கூட அது வரவில்லை. இவ்வளவு திமிர் பிடித்த மிருகத்தை வைத்துக்கொண்டு நீ எப்படித் தொழில் நடத்துகிறாய் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. பயத்தால் இல்லை. இத்தனை வருடம் கோபப்பட எனக்கு ஒரு ஆள் இருந்தது. காரியை நினைக்கும்போதெல்லாம் உன்னை நினைத்தேன், அதனால் அவனை நினைப்பது சுலபமாக இருந்தது. நேற்று அந்த இடத்தில் நீ இல்லை. அவன் மட்டும்தான் இருந்தான். பதினேழு வயது, விளிம்பில் நின்றுகொண்டு. அவனுக்காக நான் ஒரு தடவையாவது அழுதிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. நேற்றுத்தான் அழுதேன். ஒரு மணி நேரம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம்.

உன் வீட்டுக்கு நான் வராத ஒவ்வொரு கிறிஸ்துமஸும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது ஹல்லா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "வேலை முடிஞ்சுதா?" என்றாள். முடிந்தது என்றேன். வீட்டுக்குக் கூட்டிப்போய் சூப் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஹல்லா ஒன்றும் கேட்காதது இந்தத் தீவில் இதுதான் முதல் தடவை.

ஊராட்சிக்காரர்களிடம் கேக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல். வேண்டாம், கேக்கை வைத்துக்கொள், அவர்களைப் போகச் சொல். அந்த டீச்சரம்மாவையும் வாளிக் கிழவரையும் காசு வாங்காமல் மறுபடியும் கூப்பிடு. தொப்பி போடுகிறேன். ஒலிபெருக்கியையும் கொடு. முதல் தடவை குரல் நடுங்கினால் காற்று என்று சொல்லிச் சமாளித்துவிடு. மூன்று மணியா ஒன்பது மணியா என்று நான் தடுமாறினால் நீ முன்னாலிருந்து திருத்து, கடிகாரம் பார்த்துக் கடலைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனால் சுக்கானைத் திருப்ப மாட்டேன். காய்ந்த காலோடு எல்லோரும் இறங்குகிறார்களா என்று இனிமேல் நாம் இரண்டு பேரும் நின்று பார்ப்போம்.

படித்து முடித்துவிட்டாயா? தலையைத் தூக்கு. மேல்தளத்தில், கைப்பிடி ஓரமாக நிற்கிறேன்.

பிளாஸ்க் கொண்டுவந்திருக்கிறாயா? கொண்டுவந்திருந்தால் மூடியைத் திற. குடிக்கிறேன்.

தோர்ஃபி